வேகம் ஏன் குறைந்தது என்று முதலில் கேளுங்கள்

கொழும்பில் ஒரு கணினி மெதுவாகிவிட்டால் அதற்கென்று ஆயத்தமாக ஒரு தீர்ப்பு இருக்கிறது: "பழசாகிவிட்டது, மாற்றிவிடுங்கள்." கடைக்காரர் சொல்வார், மருமகன் சொல்வார், கணினி பற்றி ஒன்றும் தெரியாத பக்கத்து வீட்டு மாமாவும் சொல்வார். டொலர் இருநூறு ரூபாவாக இருந்த காலத்தில் அந்தத் தீர்ப்புக்குத் தலையாட்டிவிட்டுப் போகச் சிலருக்காவது வசதி இருந்தது. 2022 இல் அதே டொலர் 360 ரூபாவைத் தொட்ட பிறகு, புதுக் கணினி என்பது பல வீடுகளில் நகை அடகு வைத்து முடிவெடுக்கும் காரியமாகிவிட்டது. அதனால்தான் இந்தத் தீர்ப்பைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. கணினியின் மூளையான புரொசசர் வயதானதால் மெதுவாவதில்லை. 2017 இல் 3.6 கிகாஹேர்ட்ஸ் வேகத்தில் ஓடிய சிலிக்கன் துண்டு, சூடும் மின்சாரமும் ஒழுங்காக இருந்தால், இன்றும் 3.6 இல்தான் ஓடும். ஓடவில்லை என்றால் ஏதோ ஒன்று அதைத் தடுக்கிறது. தடுப்பது எது என்று பார்க்காமலே இலட்சக் கணக்கில் செலவு சொல்வது நியாயமில்லை.

ஹார்ட் டிஸ்க் தேய்ந்தாலும் கணினி மெதுவாகும், நினைவகம் போதாவிட்டாலும் மெதுவாகும். அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். நான் சொல்ல வருவது, வேலை தொடங்கிச் சற்று நேரத்தில் மூச்சு வாங்கும் கணினிகளைப் பற்றி. விசிறி இரைய ஆரம்பிக்கும், சுட்டி இழுபடும், வீடியோ வெட்டி வெட்டி ஓடும், வேலையை நிறுத்தினால் மீண்டும் சரியாகும். இந்த அறிகுறிகள் தெரிந்தால் பார்க்க வேண்டியவை இரண்டே எண்கள்: வெப்பநிலை, கிளொக் வேகம் (புரொசசர் விநாடிக்கு எத்தனை தடவை துடிக்கிறது என்பது). இரண்டையும் ஒரே நேரத்தில், கணினி கடுமையாக உழைத்துக்கொண்டிருக்கும்போது பார்க்க வேண்டும். ஒன்றை மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான் தெரியும். வேகத்தை விண்டோஸின் டாஸ்க் மனேஜரே காட்டும். வெப்பநிலைக்கு எச்டபிள்யூஇன்ஃபோ, கோர் டெம்ப் போன்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன.

கொட்டாஞ்சேனையில், ஜம்பட்டா வீதிக்குப் பக்கத்தில் ஸ்டூடியோ நடத்தும் அண்ணா ஒருவரின் கணினியை எடுத்துக்கொள்கிறேன். திருமணம், பூப்புனித நீராட்டு விழா, கோயில் தேர் என்று வருடம் முழுவதும் வீடியோ தொகுக்கும் இயந்திரம் அது. உள்ளே இருப்பது இன்டெல் கோர் ஐ7-7700. 2017 ஜனவரியில் சந்தைக்கு வந்த, நான்கு கோர்கள், அதாவது தனித்தனியாக உழைக்கும் நான்கு பகுதிகள், கொண்ட புரொசசர். அடிப்படை வேகம் 3.6 கிகாஹேர்ட்ஸ். ஒரு கோர் மட்டும் உழைத்தால் 4.2 வரை ஏறும். நான்கும் சேர்ந்து உழைத்தால் 4.0 இல் நிற்க வேண்டும். முன்பெல்லாம் மாலையில், தொகுத்த வீடியோவை முழுக் கோப்பாக எழுதும் ஏற்றுமதிக்குப் போட்டுவிட்டுக் கடையைப் பூட்டுவதற்குள் முடிந்துவிடும் வேலை, இப்போது மறுநாள் காலையிலும் ஓடிக்கொண்டிருப்பதாகச் சொன்னார்.

"தங்கச்சி, மதர்போட் பலவீனமாகிவிட்டது என்று சொல்கிறார்கள். முழுவதும் மாற்ற மூன்று இலட்சத்துக்கு மேலே போகுமாம். நீங்கள் ஒருதரம் பார்த்துச் சொன்னால்தான் நான் முடிவெடுப்பேன்."

மதர்போட் பலவீனமாகிவிட்டது என்ற வசனம் எனக்குப் பழக்கமானது. அதற்கு எந்த அளவீடும் கிடையாது, அதனால் யாரும் மறுத்துப் பேசவும் முடியாது.

போய், எச்டபிள்யூஇன்ஃபோவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு திருமண வீடியோவை ஏற்றுமதிக்குப் போடச் சொன்னேன். சும்மா இருந்தபோது 52 பாகை செல்சியஸ். ஏற்றுமதி தொடங்கி ஒரு மூச்சு விடுவதற்குள் நான்கு கோர்களும் 97, 99, 100, 100. வேகம் 4.0 இல் ஒரு கணம் நின்றது, பிறகு 3.1, 2.6, 2.9 என்று அலைந்தது. வெப்பத்தால் வேகம் குறைக்கப்படுகிறதா என்று காட்டும் வரியில் 'ஆம்' என்று சிவப்பில் விழுந்தது. ஏற்றுமதியை நிறுத்தச் சொன்னேன். நிறுத்திய உடனேயே எண்கள் அறுபதுகளுக்குச் சரிந்தன.

இந்த ஏற்றமும் இறக்கமும் எவ்வளவு விரைவாக நடந்தன என்பதைத்தான் நான் முதலில் கவனிப்பேன். கடை மேசையில் கணினியைப் பிரித்துப் போடுவதற்கு முன்னால் எவரும் செய்யக்கூடிய சோதனை இது, ஆனால் செய்பவர்கள் மிகக் குறைவு. புரொசசரின் மேலே உட்கார்ந்து சூட்டை வாங்கும் உலோகக் கட்டியான ஹீட்சிங்கின் செதில்களில் தூசு அடைத்திருந்தால் வெப்பநிலை மெதுவாக ஏறும். அலுமினியக் கட்டி முழுவதும் சூடாக வேண்டும், அதற்குச் சில நிமிடங்கள் பிடிக்கும். வேலையை நிறுத்தினாலும் அதே போல மெல்லத்தான் இறங்கும். ஆனால் ஓரிரு விநாடிகளில் நூறைத் தொட்டு, நிறுத்தியதும் தொப்பென்று விழுந்தால், சூடு ஹீட்சிங்கைப் போய்ச் சேரவே இல்லை என்று பொருள். சிலிக்கனுக்கும் உலோகத்துக்கும் இடையில் எங்கோ தொடுகை விட்டுப்போயிருக்கிறது. அதை உறுதிப்படுத்தப் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு ஸ்டூடியோவின் மேசை விசிறியை நேராக உள்ளே திருப்பி வைத்தோம். மூன்று நான்கு பாகைகூடச் சரியாகக் குறையவில்லை. பெட்டிக்குள் காற்றோட்டம் போதாததுதான் பிரச்சினை என்றால் இந்த விசிறிக்கு வெப்பநிலை நன்றாக இறங்கியிருக்கும். ஹீட்சிங்கைக் கை வைத்துப் பார்த்தேன். நூறு பாகையில் கொதிக்கும் புரொசசரின் மேலே உட்கார்ந்திருந்த அலுமினியம் இளஞ்சூடாக மட்டுமே இருந்தது.

ஏன் இந்தத் தொடுகை அவ்வளவு முக்கியம்? ஐ7-7700 இன் வெப்ப அளவு 65 வாட். கேட்பதற்குச் சிறிய எண். ஆனால் அந்த 65 வாட் வெளியேற வேண்டிய சிலிக்கன் துண்டின் பரப்பு இரண்டு சதுர சென்ரிமீட்டரைவிடக் குறைவு. உடுப்பு அழுத்தும் அயர்ன் ஆயிரம் வாட் எடுத்தாலும் அதன் அடித்தகடு இருநூறு சதுர சென்ரிமீட்டர் அளவில் இருக்கும், ஆகவே சதுர சென்ரிமீட்டருக்கு ஐந்து வாட்தான். புரொசசரில் அது பல மடங்கு. அந்தச் சூடு சிலிக்கனிலிருந்து உள்பசை வழியாக மேல்மூடிக்கும், மூடியிலிருந்து வெளிப்பசை வழியாக ஹீட்சிங்குக்கும், அங்கிருந்து காற்றுக்கும், பெட்டிக்கு வெளியேயும், கடைசியில் அறையின் சன்னலுக்கு வெளியேயும் போக வேண்டும். இந்தப் பாதையில் எந்த இடத்தில் அடைத்தாலும் அதற்கு முன்னால் உள்ள எல்லாம் சூடாகும். அலுமினியத்தின் வெப்பக் கடத்துதிறன் இருநூறுக்கு மேல், நல்ல பசை ஒன்றுக்கு ஐந்து முதல் பத்து, காற்றுக்கோ 0.026. உலோகத்துக்கும் மூடிக்கும் இடையே மயிரிழை அளவு காற்று புகுந்தாலே போதும், பாதை ஏறத்தாழ மூடப்பட்டுவிடும். பசையின் வேலை குளிரூட்டுவது என்று பலர் நினைக்கிறார்கள். அதன் வேலை அந்தக் காற்றை வெளியேற்றுவது மட்டுமே. அதனால் கொஞ்சம்தான் போட வேண்டும். அள்ளி அப்பினால் பசையே தடுப்பாகிவிடும்.

ஹீட்சிங்கும் விசிறியும் சேர்ந்த கூலரைக் கழற்றினோம். புரொசசரின் பெட்டியோடு வரும் வகைக் கூலர் அது, நான்கு மூலைகளிலும் பிளாஸ்டிக் ஊசிகள் மதர்போட்டின் துளைக்குள் இறங்கிப் பூட்டிக்கொள்ளும். மூன்று ஊசிகள் இறுக்கமாக இருந்தன. நான்காவதின் வெள்ளை நுனி பிளந்திருந்தது. துளைக்குள் நின்றது, ஆனால் பிடிக்கவில்லை. மேலிருந்து பார்த்தால் நான்கும் ஒரே மாதிரித்தான் தெரியும். கூலரின் அடிப்புறத்தைத் திருப்பியதும் எல்லாம் தெளிவாகிவிட்டது: வட்டமான அடியில் ஒரு பாதியில் பசை மெல்லிய சாம்பல் படலமாக நசுங்கியிருந்தது. உடைந்த ஊசி இருந்த பக்கத்தில் அது தடித்து, வெடிப்பு விட்டு, நகத்தால் கீறினால் தூளாக உதிர்ந்தது. அந்த மூலையில் புரொசசரின் நிக்கல் மூடி பளபளவென்று வெறுமையாக இருந்தது. அங்கே எதுவுமே தொட்டிருக்கவில்லை. விசிறியைத் தனியாக எடுத்தபோது செதில்களின் மேலே தூசு ஒரு துணித்துண்டு மாதிரி ஒட்டிப் படிந்திருந்தது. விரலால் இழுத்தால் முழுதாக உரிந்து வந்தது. முன்பக்கத்துச் சாமிப்படத்துக்கு நாள்தோறும் போடும் சாம்பிராணியின் புகை அந்தத் தூசுக்குப் பிசினாகியிருக்கிறது. ஆகவே அடைப்பும் இருந்தது, தொடுகையும் விட்டிருந்தது. ஆனால் தூசை மட்டும் துடைத்துவிட்டுப் போயிருந்தால் ஒரு மாற்றமும் வந்திருக்காது.

இங்கே ஒரு வழக்கத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியவில்லை. தூசு எடுக்கக் கணினியை டயர் கடைக்குக் கொண்டுபோய்க் காற்றடிப்பவர்கள் இருக்கிறார்கள். கொழும்பின் ஈரக் காற்றை அமுக்கி வைத்திருக்கும் அந்தத் தாங்கியில் எப்போதும் தண்ணீர் சேர்ந்திருக்கும், அமுக்கியின் எண்ணெயும் கலந்திருக்கும். முதல் சீறலிலேயே இரண்டும் மதர்போட்டில் தெறிக்கும். விசிறியின் இறக்கையும் கட்டுக்கடங்காமல் சுழன்று அச்சு பழுதாகும். மெல்லிய பெயின்ட் பிரஷ் ஒன்றும், கையால் அமுக்கும் காற்றுக் குமிழும் போதும். இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு ஊத வேண்டும். பழைய பசையை ஐசோபுரோப்பைல் அல்கஹோல் தொட்ட நூல் உதிராத துணியால் துடைத்தெடுக்க வேண்டும். இன்டெலின் போட்டி நிறுவனமான ஏஎம்டியின் பழைய ரைசன் புரொசசர்களில் இன்னொரு கவனம் தேவை. புரொசசரின் அடியில் ஊசிகள் இருக்கும், காய்ந்த பசை கூலரோடு சேர்த்துப் புரொசசரையே சொக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். கழற்றும் முன் கணினியைச் சற்று நேரம் ஓடவிட்டுப் பசையை இளக்கி, மின்சாரத்தைத் துண்டித்து, கூலரை மெல்ல இடமும் வலமும் திருகி எடுப்பதே பாதுகாப்பானது.

உடைந்த ஊசியோடு அந்தக் கூலரைத் திரும்பப் பூட்டவில்லை. மதர்போட்டின் பின்புறத்தில் உலோகச் சட்டம் வைத்து ஸ்குரூவால் இறுக்கும் ஒரு சாதாரணக் கூலரை அண்ணா வாங்கி வந்தார். கேட்கப்பட்ட மூன்று இலட்சத்தோடு ஒப்பிட்டால் அதன் விலையைச் செலவு என்றே சொல்ல முடியாது. புதுப் பசையை நடுவில் ஒரு துளி வைத்து, குறுக்கெதிர் மூலைகளாக மாறி மாறி இறுக்கினோம். ஒரு மூலையை முதலில் முழுதாக இறுக்கினால் மற்றப் பக்கம் தூக்கிக்கொள்ளும். பிறகு அதே திருமண வீடியோ. வெப்பநிலை நிதானமாக ஏறி 78 இல் நின்றது, அறையில் 31 பாகை இருந்தபோது. வேகம் 4.0 கிகாஹேர்ட்ஸ், கடைசி வரைக்கும் அசையவில்லை. அண்ணா ஒன்றும் சொல்லாமல் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "இவ்வளவு காலமும் இது ஓடக்கூடிய வேகத்தில் நான் ஓட விடவில்லையா?" என்று கேட்டார். அவர்மேல் தவறு இல்லை. ஒரு பிளாஸ்டிக் நுனி பிளந்திருப்பதை எந்த ஸ்டூடியோக்காரரும் தேடிப் பார்க்கப் போவதில்லை. தேடிப் பார்த்திருக்க வேண்டியவர்கள் காசு வாங்கித் திருத்துபவர்கள்.

புரொசசர் தானாக வேகத்தைக் குறைப்பதைக் குறைபாடு என்று நினைப்பவர்கள் பழைய கதை ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும். 2001 இல் டொம்ஸ் ஹார்ட்வெயர் என்ற தளத்தினர், ஓடிக்கொண்டிருக்கும் கணினிகளின் ஹீட்சிங்கைக் கழற்றி என்ன நடக்கிறது என்று வீடியோ எடுத்தார்கள். இன்டெலின் பென்டியம் 4 வேகத்தைக் குறைத்துக்கொண்டு தொடர்ந்து ஓடியது. அன்றைய ஏஎம்டி அத்லோன் சில விநாடிகளில் புகைந்து செத்துப்போனது. இன்று அந்த வித்தியாசம் இல்லை, எல்லாப் புரொசசர்களும் தங்களைத் தாங்களே காத்துக்கொள்கின்றன. ஐ7-7700 இன் எல்லை 100 பாகை. அதைத் தொட்டதும் உள்ளே புரொக்ஹொட் என்னும் சமிக்ஞை எழும், கிளொக்கின் பெருக்கெண் இறங்கும். நூறு மெகாஹேர்ட்ஸ் அடிப்படைக் கிளொக்கை நாற்பதால் பெருக்கிக்கொண்டிருந்தது, முப்பதாலோ இருபத்தாறாலோ பெருக்கும். அப்படியும் அடங்காவிட்டால் கணினி சட்டென்று நின்றுவிடும். ஆகவே குறைந்த வேகம் என்பது புரொசசர் செய்யும் சரியான காரியம். அந்தச் செய்தியை எங்களுக்கு யாரும் வாசித்துச் சொல்லவில்லை என்பதுதான் குறை.

வேகத்துக்கும் சூட்டுக்கும் உள்ள உறவு பள்ளிப் பௌதிகம்தான். ஒரு சிப் செலவழிக்கும் வலு, மீடிறனோடு நேராகவும் வோல்ட்டளவின் வர்க்கத்தோடும் கூடும். வேகத்தைக் கூட்ட வேண்டுமென்றால் பொதுவாக வோல்ட்டளவையும் கூட்ட வேண்டியிருக்கிறது, அதனால் சூடு பாய்ந்து ஏறுகிறது. 1974 இல் ரொபர்ட் டெனார்டும் அவருடன் சேர்ந்தவர்களும் சொன்னபடி, டிரான்சிஸ்டர் சுருங்கச் சுருங்க வோல்ட்டளவும் இறங்கிக்கொண்டே வந்ததால் முப்பது வருடம் இந்தச் சிக்கல் தலைகாட்டவில்லை. 2000 மார்ச்சில் ஒரு கிகாஹேர்ட்ஸ். 2004 முடிவில் 3.8. அந்த வருடம் ஒக்டோபரில் இன்டெல் தான் அறிவித்திருந்த 4 கிகாஹேர்ட்ஸ் பென்டியம் 4 ஐக் கைவிட்டது. மின்கசிவும் சூடும் சுவராக நின்றன. ஒரே கோரை வேகப்படுத்துவதை விட்டுக் கோர்களைப் பெருக்கத் தொடங்கினார்கள். பிறகு 2008 இல், சூட்டுக்கும் மின்சாரத்துக்கும் இடம் இருக்கும்போது மட்டும் வேகத்தை ஏற்றும் டேர்போ வந்தது. அன்றிலிருந்து பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் உச்ச வேகம் ஒரு நிபந்தனையோடு வரும் எண். உங்கள் அறையும் கூலரும் இடம் கொடுத்தால்தான் அது கிடைக்கும்.

எங்கள் அறைகள் எளிதில் இடம் கொடுப்பதில்லை. கூலர் ஒன்று புரொசசரை அறை வெப்பநிலைக்கு மேலே இத்தனை பாகைக்குள் வைத்திருக்கும் என்றுதான் கணக்குப் போட முடியும். அறை ஒரு பாகை ஏறினால் புரொசசரும் ஏறத்தாழ ஒரு பாகை ஏறும். யூடியூபில் பார்க்கும் சோதனைகள் பெரும்பாலும் இருபதுகளின் தொடக்கத்தில் குளிரூட்டிய அறைகளில் நடப்பவை. கொழும்பின் வருடச் சராசரியே 27, 28. சித்திரை மாதத்தில் மேல்மாடிக் கொங்கிரீற் கூரைக்குக் கீழே இருக்கும் அறை நண்பகலில் 33, 34 க்குப் போகும். அங்கே 72 என்று காட்டிய கூலர் இங்கே 84 என்று காட்டினால் அது பழுதில்லை, இது எங்கள் ஊர். ஏசி போட்டால் சரியாகும் என்று சொல்வது எளிது. மின் கட்டணம் 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 சதவீதமும் 2023 பெப்ரவரியில் மறுபடி 66 சதவீதமும் ஏறியபோது, ஏசியின் பிளக்கைக் கழற்றி வைத்த வீடுகளை எனக்குத் தெரியும். பிறகு கட்டணம் இறங்கியும் அவர்களில் பலர் பழைய பழக்கத்துக்குத் திரும்பவில்லை.

வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் கடற்கரைப் பக்கமாகச் சன்னல் திறக்கும் மாடிவீடுகளில் உப்பும் சேர்ந்துகொள்கிறது. செதில்கள் வெண்பூத்துப்போகும், ஸ்குரூத் தலைகள் துருப்பிடிக்கும், விசிறியின் அச்சு சீக்கிரமே முனகத் தொடங்கும். இவற்றைவிட என்னை வருத்துவது கணினி மேசைகள். பலகைத் தூளில் செய்து விற்கப்படும் அந்த மேசைகளில் பெட்டியை வைப்பதற்கென்று ஒரு அறை இருக்கும். பின்பலகை அடைத்திருக்கும், முன்னால் ஒரு கதவும் இருக்கும். புரொசசர் வெளியேற்றிய சூடான காற்றையே திரும்ப உள்ளே இழுத்துக்கொண்டிருக்கும். அதன்மேல் தூசு படாமல் இருக்கட்டும் என்று அம்மாமார் பின்னல் துணி விரித்திருப்பார்கள், காற்று வெளியேறும் மேல் துளைகளுக்குச் சரியாக மேலே. அன்போடு விரித்த துணி, எடுக்கச் சொல்லும்போது நான் பக்குவமாகத்தான் சொல்கிறேன். பெட்டியை மேசைக்குமேல் தூக்கி வைப்பதும் பின்புறத்தில் ஒரு சாண் இடைவெளி விடுவதும் காசில்லாத வைத்தியம். பசைக்குழாய் வாங்கும் முன் இதைச் செய்து பார்க்க வேண்டும்.

இப்போது இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்தும் காரணத்துக்கு வருகிறேன். மொறட்டுவையில் படிக்கும் ஒரு பிள்ளையின் மடிக்கணினி. சூடாகி மெதுவாகிறது என்று சொல்லித் தூசெடுத்து, பசை மாற்றிக் கொடுத்திருந்தார்கள், காசும் வாங்கியிருந்தார்கள். மெதுவாக இருந்தது மெதுவாகவே இருந்தது. டாஸ்க் மனேஜரில் வேகம் 0.79 கிகாஹேர்ட்ஸ், என்ன வேலை கொடுத்தாலும் அசையாமல் அதே எண். வெப்பநிலை 46. அந்த இரண்டையும் அருகருகே வைத்ததுமே தெரிந்துவிட்டது, இங்கே சூடு குற்றவாளியில்லை. சூட்டால் குறையும் வேகம் அலையும், கீழும் மேலும் தேடும். எண்ணூறு மெகாஹேர்ட்ஸில் ஆணி அடித்தது போல நிற்பது வேறு நோய்.

புரொக்ஹொட் என்று மேலே சொன்ன சமிக்ஞை இருவழிப் பாதை. புரொசசர் தான் சூடாகும்போது அதை எழுப்பும். மதர்போட்டில் உள்ள மற்றப் பாகங்களும், மின்சாரத்தைச் சீராக்கும் பகுதியோ சார்ஜரைக் கவனிக்கும் சிப்போ, ஆபத்தென்று உணர்ந்தால் அதே கம்பியில் புரொசசரை அடக்கலாம். அப்போது பெருக்கெண் மிகத் தாழ்ந்த எட்டுக்கு இறங்கும், நூறை எட்டால் பெருக்கினால் எண்ணூறு. இந்தப் பிள்ளையிடம் கேட்டேன்.

"சார்ஜர் மாற்றினீர்களா?"

"ஓம் அக்கா, பழையது வயர் அறுந்துவிட்டது. புறக்கோட்டையில் ஒன்று வாங்கினேன். வோல்ட் எல்லாம் சரியாக இருக்கிறதே."

வோல்ட் சரிதான். ஆனால் சில மடிக்கணினிகளின் சார்ஜர் முனையின் நடுவில் ஒரு மெல்லிய ஊசி இருக்கும். தான் எத்தனை வாட் தரக்கூடியவன் என்பதைச் சார்ஜர் அதன் வழியாகக் கணினிக்குச் சொல்லும். அந்தச் செய்தி கிடைக்காவிட்டால், பலம் குறைந்த சார்ஜர் என்று கருதிக் கணினி புரொசசரைக் கட்டிப்போடும். சார்ஜரைக் கழற்றி பற்றரியில் மட்டும் ஓட்டினோம். வேகம் உடனே 2.7 க்கு எழும்பியது. மறுபடி செருகினோம், 0.79. அதற்குப் பிறகு விளக்கம் தேவைப்படவில்லை. உரிய வாட் உள்ள, அடையாளம் சொல்லும் சார்ஜரை வாங்கியதும் பிரச்சினை போய்விட்டது. த்ரொட்டில்ஸ்டொப் என்ற மென்பொருளில் அந்த இருவழிச் சமிக்ஞையைச் செவிமடுக்கச் செய்யும் ஒரு தெரிவுப்பெட்டி இருக்கிறது. அதில் உள்ள சரிக்குறியை எடுத்துவிடுங்கள் என்று அறிவுரை சொல்பவர்கள் பலர். உணரி பழுதாகிவிட்டதென்று உறுதியாகத் தெரிந்த பழைய இயந்திரத்தில் அதைச் செய்யலாம். காரணம் தெரியாமல் செய்தால், உண்மையிலேயே பலமில்லாத சார்ஜரை எரியும்வரை இழுக்கச் சொல்வதாகிவிடும். மாடியில் எல்லோரும் தூங்கும் வீட்டில் இரவு முழுவதும் செருகியிருக்கும் சார்ஜர் அது.

சுத்தம் செய்து, பசை மாற்றி, காற்றோட்டமும் சரியான பின்னும் தொண்ணூறைத் தாண்டும் கணினிகள் உண்டு. ஒல்லியான மடிக்கணினிகளில் இது சாதாரணம். அவற்றுக்கு நான் தயங்காமல் சொல்லும் வழி ஒன்று: விண்டோஸின் மின்சக்தி அமைப்புகளில், புரொசசரின் உச்ச நிலையை 100 சதவீதத்திலிருந்து 99 க்கு இறக்குவது. பெரும்பாலான இன்டெல் கணினிகளில் இது டேர்போவை நிறுத்திவிடும். வேகம் அடிப்படை எண்ணில் நிற்கும். இழப்பு பெரிதாகத் தெரியலாம், கணக்குப் போட்டால் அப்படியில்லை. 4.0 கிகாஹேர்ட்ஸில் 1.2 வோல்ட் எடுக்கும் ஒரு சிப், 3.6 இல் 1.1 வோல்ட்டோடு ஓடினால், வேகம் பத்து சதவீதம் குறைகிறது, இயங்குவலுவோ ஏறத்தாழ கால்வாசி குறைகிறது. நூறைத் தொட்டு 2.6 க்கும் 3.4 க்கும் இடையே தள்ளாடுவதைவிட 3.6 இல் நிலையாக ஓடுவது எத்தனையோ மேல். வோல்ட்டளவை மட்டும் குறைக்கும் முறை இதைவிட நல்லது. ஆனால் 2019 டிசம்பரில் பிளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிவந்த பிறகு பல மடிக்கணினிகளின் பயோஸில், அதாவது கணினியைத் தொடக்கிவைக்கும் உள் மென்பொருளில், அந்த வழி பூட்டப்பட்டுவிட்டது.

இன்னொன்று, எல்லா உயர்ந்த எண்ணும் நோயல்ல. 2022 இல் வந்த ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசை, முழுச் சுமையில் 95 பாகை வரை போய் அங்கேயே ஓடும்படியே வடிவமைக்கப்பட்டது. அங்கே 95 ஐக் கண்டு பயந்து கூலர் மாற்றத் தேவையில்லை, வேகம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அதே போல, சும்மா இருக்கும்போது ஒரு கோர் 38, இன்னொரு கோர் 44 என்று காட்டுவதற்கும் கவலைப்பட வேண்டாம். உணரிகள் எல்லை வெப்பநிலைக்கு அருகில்தான் திருத்தமாக அளக்கும், கீழே சில பாகை பிசகும்.

திருத்தக் கொடுப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கணினியைக் கொண்டுபோவதற்கு முன் கடுமையான வேலை ஒன்றைக் கொடுத்து, அறை வெப்பநிலை, புரொசசரின் வெப்பநிலை, கிளொக் வேகம் மூன்றையும் தொலைபேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். திரும்ப வாங்கும்போது அதே வேலையைக் கொடுத்து, அதே எண்களைக் காட்டச் சொல்லுங்கள். "பசை மாற்றியாயிற்று" என்ற பதிலோடு எழுந்து வராதீர்கள். நேர்மையான திருத்துநர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். பம்பலப்பிட்டியில் எனக்குத் தெரிந்த ஒருவர், தானே இரண்டு படங்களையும் எடுத்து ரசீதோடு பின் அடித்துக் கொடுக்கிறார்.

தெஹிவளையில் ஒரு மொழிபெயர்ப்பாளர் அக்காவின் கணினி இன்னும் என் கையில் இருக்கிறது. புரொசசர் 71 பாகை, அதில் ஒரு குறையும் இல்லை. இருந்தும் அரை மணி நேரம் உழைத்தால் வேகம் 4.0 இலிருந்து 1.2 க்கு விழுந்து, சற்றுக் கழித்து எழுகிறது. சந்தேகம் மதர்போட்டின் மின்சாரம் சீராக்கும் பகுதியின் மேலே விழுந்தது. விலை குறைந்த போர்ட், அந்தச் சிப்புகளின்மேல் ஹீட்சிங்கே வைக்கவில்லை. உணரியில் 108 காட்டியது. மேலே காற்றை நேராகக் கீழே ஊதும் பழைய கூலர் இருந்தபோது அந்தக் காற்று இவற்றையும் தொட்டிருக்கும். போன வருடம் மாற்றிய கோபுரக் கூலர் பக்கவாட்டில் ஊதுகிறது, அதனால் இவற்றுக்குக் காற்றே இல்லை. சிறிய அலுமினியச் செதில்களை வெப்ப ஒட்டியால் ஒட்டி, எண்பது மில்லிமீட்டர் விசிறி ஒன்றை அந்த மூலையைப் பார்த்துத் திருப்பிப் பூட்டியிருக்கிறேன். இப்போது 83, வேகமும் விழவில்லை. ஆனால் மழை பெய்து அறை 27 பாகையில் இருக்கும்போது எடுத்த அளவு அது. சித்திரை வெயிலில் இன்னொரு முறை அளக்க வேண்டும். அதுவரைக்கும் பழைய கூலரை எறிய வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறேன்.